இயந்திர ஆசானும் இல்லத்துக் கண்காணிப்பும்

வண்ணாரப்பேட்டையிலும் அதனை அடுத்த தண்டையார்பேட்டை, இராயபுரம், காசிமேடு பகுதிகளிலும் வாழும் பல குடும்பங்களில், வீட்டுக்கு ஒரு கைபேசி என்பதே இன்றும் கணக்கு. விடியுமுன் மீன்பிடித் துறைமுகத்திற்கோ, காலையில் எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைக்கோ அக்கைபேசி தந்தையுடன் செல்கின்றது. இரவு அவர் வீடு திரும்பியதும் பிள்ளைகளின் கைக்கு மாறுகின்றது. எட்டாம் வகுப்பு மகன் அறிவியல் வினாவுக்கு விடை கேட்கின்றான். பிளஸ் டூ படிக்கும் மகள் கட்டுரை எழுதித் தரச் சொல்கின்றாள். எழுதப் படிக்கத் தெரியாத கடைக்குட்டி, குரலாலேயே ஒரு யானைக் கதை கேட்கின்றது. மூவருக்கும் மறுமொழி தருவது ஒரே செயற்கை நுண்ணறிவு உதவியாளர். கணக்கில் பதிவாகியிருப்பதோ தந்தையின் பெயரும் தந்தையின் வயதும். அந்த இயந்திரத்தின் ஏட்டில் இம்மூன்று பிள்ளைகளும் நாற்பத்தைந்து வயது நிரம்பிய ஓர் ஆடவர்!

இதனைச் சிரித்துக் கடந்துவிடுதல் எளிது. ஆயினும் இந்தச் சிறு முரண்பாட்டிற்குள்தான் நம் பகுதிப் பெற்றோரின் பெருஞ்சிக்கல் அடங்கியிருக்கின்றது. பிள்ளைகளைக் காப்பதற்கென நிறுவனங்கள் செய்துள்ள ஏற்பாடுகள் யாவும், பிள்ளைக்கு ஒரு கருவி, பெற்றோருக்கு ஒரு கருவி, இருவருக்கும் தனித்தனிக் கணக்கு, ஆங்கிலம் அறிந்த தாய் தந்தையர் என்னும் குடும்ப அமைப்பை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. நம் வீடுகள் அவ்வாறு அமையவில்லை. ஆகவே, நம் வீடுகளுக்குப் பொருந்தும் கண்காணிப்பு முறையை நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாயிலாக நாம் முன்வைக்கும் கருத்து.

அழையாமல் வந்த விருந்தாளி

ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியை 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்டது. தொடக்கத்தில் அது கணினித் துறையினரின் பேச்சாகவே இருந்தது. 2024 ஜூன் மாதத்தில் மெட்டா ஏஐ இந்தியாவில் வாட்ஸ்அப்பிற்குள் வந்தபோது நிலைமை மாறிற்று. எவரும் தேடிச் சென்று பதிவிறக்கம் செய்ய வேண்டியிராமல், மாமியும் மச்சானும் பேசிக்கொள்ளும் அதே திரையில் ஒரு நீல வட்டமாக அது வந்து அமர்ந்தது. 2025இல் ஏர்டெல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாக வழங்கியது. அவ்வாண்டு நவம்பரில் ஓப்பன்ஏஐ தானும் ஒரு கட்டணச் சேவையை இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசமாக்கியது. மூன்றே ஆண்டுகளுக்குள் இக்கருவி நம் தெருவின் கடைக்கோடி வீடு வரை வந்துவிட்டது.

பள்ளியும் இதனை விலக்கி வைக்கவில்லை. 2019-20ஆம் கல்வியாண்டிலேயே மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப்பாடமாக்கிற்று. 2026-27ஆம் கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்கப்போவதாக நடுவணரசின் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. எனவே, “கைபேசியைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டு” என்று கூறும் பெரியவர்களின் கவலையை நாம் மதிக்கின்றோம்; அவர்தம் தீர்வை ஏற்க இயலவில்லை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைபேசி வழியாகவே வந்தது. கடன்பட்டுக் கைபேசி வாங்கித் தந்த பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு. கல்விக்காக வாங்கிய கருவியைக் கல்வியின் பெயராலேயே இனிப் பறிக்க முடியுமா?

பறிக்க வேண்டியதும் இல்லை. தனிப்பயிற்சிக்குக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளை, இரவு பத்து மணிக்கு ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டால் யாரிடம் கேட்பான்? முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு வீட்டில் சொல்லித் தர ஆளில்லை. பத்து முறை கேட்டாலும் சலிப்படையாமல், ஏசாமல், தமிழிலேயே விளக்கும் ஒரு துணை அவனுக்குப் பெரும்பேறு எனலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இக்கருவி மற்றுமொரு வசதி. நம் வீட்டுப் பிள்ளைக்கோ சில வேளைகளில் அதுவே ஒரே வழி. அதனாலேயே இதனைப் பாதுகாப்பாகக் கையாளும் முறையை வகுப்பது நமக்குக் கூடுதல் கடமையாகின்றது.

மூவகைக் கேடுகள்

முதற்கேடு, பொய்யை மெய்போல் உரைப்பது. இந்த உதவியாளர் நூலகத்திற்குச் சென்று நூலைப் புரட்டி விடை கூறுவது போல நமக்குத் தோன்றுகின்றது. அடிப்படையில் அது செய்வது வேறு. கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட அவ்வியந்திரம், ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து வாக்கியங்களை அடுக்குகின்றது. ஆகவே அதன் நடையில் தடுமாற்றம் இராது, செய்தியில் இருக்கலாம். 2023 ஜூனில் நியூயார்க்கின் கூட்டரசு நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி கற்பனையாகப் படைத்துத் தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர் இருவருக்கும் அவர்தம் அலுவலகத்திற்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சட்டம் கற்றவர்களே ஏமாந்தனர் எனில், எட்டாம் வகுப்பு மாணவன் எம்மாத்திரம்?

தமிழில் இவ்விடர் மிகுதி. இணையத்தில் ஆங்கிலப் பக்கங்களோடு ஒப்பிடத் தமிழ்ப் பக்கங்கள் குறைவு. அவற்றுள்ளும் இசுலாமியத் தமிழிலக்கியம் பற்றியவை மிகக் குறைவு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களை உடையது. இல்லாத நான்காம் காண்டம் ஒன்றைப் பெயர் சூட்டி விளக்கிய விடையையும், 1,330 குறட்பாக்களுள் எங்கும் காணப்படாத ஒரு ‘குறளை’ எண்ணோடு தந்த விடையையும் மாணவர் ஒப்படைப்புகளில் நாம் கண்டதுண்டு. இளமையில் மனத்தில் பதியும் பிழை எளிதில் அகலாது.

இரண்டாம் கேடு, தோழமை. மனிதத் தோழனுக்கு வேலை உண்டு, கோபம் உண்டு, மறுப்பு உண்டு. இயந்திரத் தோழனுக்கு இவை இல்லை. கேட்பவர் மனம் குளிரப் பேசும் இயல்பே மிகுதி. தனிமையில் வாடும் பிள்ளை அதனிடம் மனத்தைத் திறந்துவிடுகின்றது. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தாய் ஒருவர், தம் 14 வயது மகன் உயிர்நீத்ததற்குக் கேரக்டர் ஏஐ என்னும் செயலியோடு அவன் கொண்ட மிகுந்த பற்றே காரணம் எனக் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தார். 2025 ஆகஸ்டில் கலிபோர்னியாவில், 16 வயது மகனை இழந்த பெற்றோர் ஓப்பன்ஏஐ மீது வழக்குத் தொடுத்தனர். அம்மாணவர் முதலில் வீட்டுப்பாட உதவிக்கே சாட்ஜிபிடியை நாடினார் என்றும், நாளடைவில் உயிரைக் குறித்த பேச்சுவரை அவ்வுறவு வளர்ந்தது என்றும் அவர்கள் கூறினர். அந்நிறுவனம் தன்மீது சாற்றப்பட்ட பொறுப்பை மறுத்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், பெற்றோர் உணர வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பாடநூலில் தொடங்கும் பேச்சு பாடநூலிலேயே நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை.

மூன்றாம் கேடு, வீட்டுச் செய்தி வெளியேறுவது. 2025 மார்ச்சில் ஜப்பானியக் கேலிச்சித்திரப் பாணியில் படமாக்கித் தரும் வேடிக்கை பரவியபோது, தம் குழந்தைகளின் புகைப்படங்களை எத்தனையோ பெற்றோர் தாமே முன்வந்து ஏற்றினர். அவை எங்கே சேமிக்கப்படும், எத்துணைக் காலம் இருக்கும் என்று கேட்டவர் சிலரே. பிள்ளைகளோ பள்ளியின் பெயர், தெருவின் பெயர், வாப்பாவின் சம்பளம், வீட்டுச் சண்டை அனைத்தையும் வெள்ளை மனத்தோடு கூறிவிடுகின்றனர்.

சட்டமும் நம் வீடும்

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே கருதுகின்றது. குழந்தையின் தரவைக் கையாளுமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைப் பெறல் வேண்டும். குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணித்தலும், குழந்தையை இலக்காகக் கொண்டு விளம்பரம் செய்தலும் ஆகா என அது விதிக்கின்றது. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழியிலோ படிக்கும் உரிமையையும் அது தருகின்றது. அவ்வட்டவணையில் தமிழும் உண்டு, உருதுவும் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர அவ்விதிகள் 18 மாத அவகாசம் அளித்தன.

நிறுவனங்களும் சில செய்துள்ளன. சாட்ஜிபிடியைப் பயன்படுத்தக் குறைந்த வயது 13 என்றும், 18 வரை பெற்றோர் இசைவு தேவை என்றும் ஓப்பன்ஏஐயின் விதிமுறைகள் கூறுகின்றன. 2025 செப்டம்பரில் அந்நிறுவனம் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியைக் கொண்டுவந்தது. தாய் தந்தையர் தம் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்துப் பயன்படுத்தும் நேரத்தை வரையறுக்கலாம். படம் உருவாக்குவதை நிறுத்தலாம். கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாக, 13 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஜெமினி வேண்டுமா வேண்டாவா எனப் பெற்றோர் தீர்மானிக்கலாம். கேரக்டர் ஏஐ நிறுவனம் 18 வயதுக்குட்பட்டோர் கட்டற்ற உரையாடலில் ஈடுபடுவதை 2025 நவம்பர் 25 முதல் நிறுத்திக்கொண்டது.

இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் இவற்றுள் எது நம் வீட்டுக் கூடத்தை எட்டுகின்றது? தந்தையின் எண்ணில் நுழையும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் குழந்தையன்று. மெட்டா ஏஐயோடு நிகழும் உரையாடல்களை விளம்பரங்களைத் தேர்ந்தெடுக்கவும் பயன்படுத்தப்போவதாக அந்நிறுவனம் 2025இல் அறிவித்து, டிசம்பர் 16 முதல் செயல்படுத்தத் தொடங்கிற்று. அப்பேச்சு தந்தையுடையதா பிள்ளையுடையதா என எவர் பிரிப்பர்? உரையாடலின் போக்கைக் கொண்டு வயதை ஊகிக்கும் முறையும் வந்துள்ளது. மூவர் மாறி மாறிப் பேசும் ஒரு கணக்கில் அந்த ஊகம் எங்ஙனம் நிற்கும்? பெற்றோரின் இசைவைக் கேட்கும் பொத்தானையும் அப்பிள்ளையின் விரலே அழுத்திவிடுகின்றது!

கண்காணிப்புக்கு ஆங்கிலம் வேண்டுமா?

“எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?” என்று தாய்மார்கள் ஒதுங்குகின்றனர். அவர்களுக்கு நாம் ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். நம் பாட்டிமார் பலர் தமிழ் எழுத்து அறியாதவர்கள். ஆயினும் அரபுத்தமிழில் எழுதப் பெற்ற நூல்களை ஓதி, மார்க்கத்தையும் மருத்துவத்தையும் அறிந்து, குடும்பங்களை நடத்தினர். எழுத்து வேறு, அறிவு வேறு. ஆங்கிலமும் கணினியும் அறியாத தாயால் பிள்ளையைக் கண்காணிக்க இயலாது என்பது தவறான எண்ணம். கருவியின் அமைப்புகளைத் திருத்த மூத்த பிள்ளையோ ஆசிரியரோ உதவக்கூடும். பிள்ளையின் முகத்தைப் படிக்கத் தாயால் மட்டுமே இயலும்.

நம் வீடுகளுக்கெனச் சில நெறிகளைப் பரிந்துரைக்கின்றோம்.

முதலாவது, இடமும் நேரமும். உதவியாளரோடு பேசுவது கூடத்தில், பிறர் காணத்தக்க இடத்தில் நிகழட்டும். ஒற்றைக் கைபேசி என்னும் நம் குறையே இங்கு நமக்கு அரணாகின்றது. தனியறையும் தனிக்கருவியும் இல்லாத வீட்டில் கண்காணிப்பு இயல்பாகவே அமையும். உறங்கும் நேரத்தில் கைபேசி பெற்றோரின் தலைமாட்டில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. 13 வயது நிரம்பாத பிள்ளை, பெற்றோரோ அண்ணன் அக்காவோ உடனிருக்கும்போது மட்டுமே கேட்கட்டும். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு உண்மையான வயதைக் குறித்துத் தனிக் கணக்குத் தொடங்கி, பெற்றோர் கணக்கோடு இணைத்தல் நலம். ஒரே கைபேசியிலும் இரு கணக்குகள் வைத்துக்கொள்ள இயலும். வயதை மிகுத்துக் கூறி நுழைவது தனக்கான பாதுகாப்பைத் தானே கழற்றி எறிவதாகும் எனப் பிள்ளைக்கு விளக்குதல் வேண்டும்.

மூன்றாவது, சொல்லத் தகாதவை. முழுப்பெயர், பள்ளி, முகவரி, ஆதார் எண், வங்கிச் செய்தியாக வரும் இரகசிய எண், புகைப்படம், குடும்பத்தின் உள்விவகாரம் ஆகியவற்றை உதவியாளரிடம் கூறலாகாது. தெருவில் முன்பின் அறியாத ஒருவரிடம் எதைக் கூறமாட்டோமோ, அதனை இங்கும் கூறாதிருப்பதே அளவுகோல்.

நான்காவது, முதலில் தன் முயற்சி. பிள்ளை விடையைத் தானே எழுதிய பின்னரே உதவியாளரிடம் திருத்தம் கேட்கட்டும். “எழுதித் தா” என்பதற்கும் “நான் எழுதியதில் பிழை எங்கே?” என்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. முன்னது மூளைக்கு ஓய்வு, பின்னது பயிற்சி.

ஐந்தாவது, சான்று கேட்டல். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டார். சமணக் கருத்துகளைக் குடந்தையில் வாழ்ந்த சமணரிடமே சென்று கேட்டுத் தெளிந்தார். நபிமொழி தொகுத்த அறிஞர்களும் ஒரு செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் ஏற்றாரல்லர். இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து, அத்தொடரில் வருவோரின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடைபோட்ட பின்னரே ஏற்றனர். இவ்விரு மரபுகளுக்கும் உரிய நாம், ஓர் இயந்திரத்தின் கூற்றை ஆராயாது ஏற்கலாமா? “எந்த நூல்? எந்தப் பக்கம்?” என்று பிள்ளை கேட்கட்டும், கேட்டபின் அந்நூலையே திறந்து பார்க்கட்டும். மார்க்கத் தீர்ப்பு, மருந்து, சட்டம் ஆகிய மூன்றிலும் இயந்திரத்தின் சொல்லை இறுதியாகக் கொள்ளுதல் கூடவே கூடாது.

ஆறாவது, வாசித்துக் காட்டுதல். வாரம் ஒருமுறை, “இந்த வாரம் அதனிடம் என்னென்ன கேட்டாய்? எனக்குப் படித்துக் காட்டு” என்று தாய் கேட்கட்டும். இதற்கு ஆங்கிலம் தேவையில்லை, காது போதும். தடுமாறும் இடமும் மறைக்க முயலும் இடமும் தாய்க்குத் தாமே விளங்கும். ஒளிந்திருந்து வேவு பார்த்தல் வேண்டா. பிள்ளை அறியாமல் பார்த்தால் அடுத்த நாள் அழிக்கக் கற்றுக்கொள்ளும். பிள்ளையோடு அமர்ந்து பார்த்தால் அடுத்த நாள் தானே வந்து கூறும்.

ஏழாவது, துயரம். இதுவே யாவற்றினும் முதன்மையானது. மனம் நொந்த பிள்ளை, ஏசுவார்களோ என்று வீட்டாரிடம் கூற அஞ்சித்தான் இயந்திரத்தை நாடுகின்றது. மதிப்பெண் குறைந்தாலும், தவறே செய்திருந்தாலும், முதலில் கேட்டுவிட்டுப் பின்னர் கண்டிக்கும் வழக்கம் வீட்டில் இருக்குமாயின், இயந்திரத்திற்கு அங்கே இடமிராது. வெளியுதவி வேண்டின், குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416, இணையவழிப் பண மோசடிக்கான 1930 ஆகிய கட்டணமில்லா எண்களைச் சுவரில் எழுதி வைத்தல் நலம்.

கல்லூரியும் சமுதாயமும்

தனியொரு தாயின் தோளில் இச்சுமை முழுவதையும் ஏற்றுதல் முறையன்று. தந்தையர் வளைகுடா நாடுகளில் உழைக்கும் வீடுகளும், தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளும் நம் பகுதியில் பலவுண்டு. அவ்வீடுகளுக்குக் கை கொடுக்கக் கல்லூரி முன்வருதல் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத் தெருவாகச் சென்று, கைபேசியில் பிள்ளையின் கணக்கை அமைத்துத் தரலாம். இதற்கு ஒரு மணி நேரம் போதும். நம் தமிழ்த்துறை ஒரே பக்கத்தில் எளிய தமிழ் வழிகாட்டி ஒன்றை ஆயத்தம் செய்யலாம். உருது பேசும் இல்லங்களுக்கு உருதுவிலும் தரலாம். ஜமாஅத்துப் பெரியோர் தாய்மார்களுக்கான கூட்டங்களில் இதற்கென அரை மணி ஒதுக்குவாராயின், செய்தி எல்லா வீடுகளையும் எட்டும்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. இயந்திரம் நொடியில் எழுதித் தரும் தலைப்புகளையே ஆண்டுதோறும் ஒப்படைப்பாகத் தந்துவிட்டு, மாணவர் ஏமாற்றுகின்றனர் எனக் குறைகூறுதல் நேர்மையன்று. காசிமேட்டு மீனவர் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் வழங்கும் பெயர்களைத் தொகுத்து வா, எம்.சி. ரோட்டு ஜவுளி வணிகரின் குழூஉக்குறிகளைக் கேட்டு எழுது. உன் பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய் என்று பணித்துப் பாருங்கள். வலைத்தளங்களில் இல்லாததை இயந்திரம் தர இயலாது. மாணவர் மனிதரிடம் சென்றே ஆக வேண்டும். அதனால் தமிழுக்கும் புதுச் செல்வம் சேரும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். உங்கள் இல்லத்தில் கைபேசியின் நுட்பம் அறிந்தவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவரே. பெற்றோர் அறியார் என்பதனை உங்கள் வசதியாகக் கொள்ளாதீர். உங்கள் பொறுப்பாகக் கொள்ளுங்கள். இம்மலரைப் படித்து முடித்த அன்றே, தம்பி தங்கையரை அருகே அமர்த்தி, உம்மாவின் முன்னிலையில் அக்கணக்கைத் திறந்து பாருங்கள். யார் பெயரில், எந்த வயதில் அது பதிவாகியுள்ளது என்பதே நீங்கள் முதலில் காண வேண்டியது.